பன்னிரண்டாம் நிலையத்தின் அளவுகள்

நாள் 214. காலை 06:10

நிலையம் 11. கடல் பக்கம் 2.31 மீட்டர். கசிவுக்குழாயில் நீர் 37 சென்டிமீட்டர். காற்று வடகிழக்கிலிருந்து, மிதமாக. கரையில் புது விரிசல் இல்லை.

இந்த நோட்டு அலுவலகத்துக்கு உரியதல்ல. எண்கள் ரேடியோவில் போய்விடும், மீதியை இங்கே எழுதுகிறேன். இதைக் கண்டெடுப்பவருக்கு எங்கள் வேலை என்னவென்று தெரியாமல் போகலாம். அதனால் ஒரு முறை சொல்லி வைக்கிறேன். கடலை வெளியே நிறுத்த எழுப்பிய மண்கரை இது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், நிலையத்துக்கு ஓர் ஆள். கரையின் உட்சரிவில் ஒரு குழாய் இறக்கியிருக்கிறது. குண்டு கட்டிய நாடாவை அதற்குள் விட்டு நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினம் மூன்று தவணை பார்க்க வேண்டும். கரைக்குள் கடல் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதைக் காட்ட எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். எண்பதைத் தாண்டினால் அடைப்புக் குழு களிமண் ஏற்றிய படகோடு வரும்.

முன்பு இதற்கெல்லாம் கருவிகள் இருந்தன. இரண்டே வருடத்தில் உப்பு அவற்றைத் தின்றுவிட்டது. எங்களைத் தின்ன இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகும் என்பாள் லூர்தக்கா.

லூர்தக்கா பன்னிரண்டாம் நிலையத்தில் இருக்கிறாள். அவளிடம் சின்ன ரேடியோ, அது அலுவலகம் வரை எட்டாது. அவள் அளவை எனக்குச் சொல்வாள், நான் இரண்டையும் சேர்த்து அனுப்புவேன். ஏழு மாதமாகப் பேசுகிறோம். பார்த்ததில்லை. நிலையத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி.

இன்று காலை:

"பதினொண்ணு, பன்னண்டு பேசுறேன். நாப்பத்தொண்ணு. எழுதிக்கிட்டியா டீச்சரம்மா?"

"எழுதியாச்சு. நாப்பத்தொண்ணு. சாப்பிட்டியாக்கா?"

"மாவு கரைச்சு வச்சிருக்கேன். கஞ்சியா பசையான்னு அதுக்கே தெரியல."

நான் டீச்சர் இல்லை. பத்தொன்பது வயது. பெட்டியில் பதினான்கு புத்தகங்கள் இருப்பதாக ஒரு நாள் உளறிவிட்டேன், அன்றிலிருந்து இந்தப் பெயர்.

நாள் 217. மாலை 18:20

11: 37. 12: 41.

சாயங்காலம் லூர்தக்கா ஏதாவது வாசிக்கச் சொன்னாள். பழைய பள்ளிப் புவியியல் பாடத்தை வாசித்தேன். மலைகளின் உயரங்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் கடல் மட்டத்திலிருந்து. 

"அப்போ கடல் ஏற ஏற மலை குள்ளமாவுதா?"

"கணக்குப்படி அப்படித்தான்."

"பாவம் தொட்டபெட்டா. யாரும் அதுக்குச் சொல்லிடாதீங்கடி."

ரேடியோவை அணைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எல்லா உயரங்களையும் எதிலிருந்து அளந்தோமோ அந்தப் பூஜ்யமே நகர்ந்துகொண்டிருக்கிறது. இதைச் சொல்ல அவளைத் தவிர எனக்கு ஆள் இல்லை. அவளிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவற்றை நான் சொல்வதில்லை.

நாள் 219. மதியம் 12:30

11: 37. 12: 41.

பன்னிரண்டின் எண் இன்று நான் போட்டது. லூர்தக்காவுக்குக் காலையிலிருந்து குளிர்க்காய்ச்சல். எழுந்தால் தலை சுற்றுகிறதாம். குடிசையிலிருந்து குழாய்க்கு இருநூறு அடி, ஈரச் சரிவில் இறங்க வேண்டும்.

தொடர்ந்து நான்கு தவணை அளவு வராத நிலையத்தின் ஆளைப் படகு வந்து எடுத்துப் போகும். வேறு ஆள் வைப்பார்கள். எடுக்கப்பட்டவர் உள்நாட்டு முகாமுக்குப் போவார். அங்கே போனவர்கள் யாரும் ரேடியோவில் பேசிக் கேட்டதில்லை.

"படுத்துக்கோக்கா. நான் போட்டுக்கறேன்."

"என்னன்னு போடுவ?"

"என்னோடதுல நாலு கூட்டி. ஏழு மாசமா அதானே."

கரையில் இதற்குக் கைமாத்து என்று பெயர். எல்லா நிலையங்களிலும் நடப்பதுதான். கோடையில் எனக்குக் கண்வலி வந்தபோது இரண்டு நாள் என் அளவை லூர்தக்காதான் யோசித்துச் சொன்னாள், நான் படுத்தபடியே அனுப்பினேன். அன்று ஒன்றும் ஆகவில்லை.

நாள் 223. காலை 06:15

11: 37. 12: 41 (கைமாத்து).

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. மருந்துப் பெட்டியில் எட்டு மாத்திரை இருந்ததாம், இப்போது இரண்டு. அலுவலகத்தில் மருந்து கேட்டால் ஏன், யாருக்கு என்று கேட்பார்கள்.

பேசும்போது வாக்கியத்தின் நடுவில் தூங்கிவிடுகிறாள். மறுபடி விழித்து அதே வாக்கியத்தை முடிக்கிறாள். "எங்கப்பாவுக்கு நீந்தத் தெரியாது" என்று ஆரம்பித்தாள். பத்து நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு: "நாப்பது வருசம் கடலுக்குப் போனாரு, கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் சொன்னாரு. நீயும் வெளிய சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். இப்போது எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள் அக்கா.

நாள் 225. மாலை 18:00

11: 38. 12: 42 (கைமாத்து).

தெற்கே காற்றழுத்தத் தாழ்வு என்று அலுவலகம் அறிவித்தது. அடைப்புக் குழுவை எங்கே நிறுத்துவது என்று எல்லா அளவுகளையும் பார்த்து முடிவு செய்தார்களாம். முப்பதாம் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பகுதி நிலையாக இருக்கிறதாம்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நாள் 228. காலை 06:40

11: 38.

லூர்தக்கா இன்று எழுந்துவிட்டாள். குரலில் பழைய கிண்டல் இருந்தது. நாடாவை எடுத்துக்கொண்டு போனாள். இருபது நிமிடம் கழித்து வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"பனி. எம்பத்தி மூணு."

என் பெயர் பனிமொழி. அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது இதுவே முதல் தடவை. மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். எண்பத்து மூன்று.

பன்னிரண்டின் கரை பழைய ஆற்றுவாய் மேல் நிற்கிறது. அடியில் மணல். என் கரை களிமண். இது பயிற்சியில் முதல் வாரப் பாடம், எனக்கு நன்றாகத் தெரியும். சாதாரண நாட்களில் நான்கு வித்தியாசம் இருக்கும். காற்று மாறினால் என் குழாயைப் பார்த்து அவள் குழாயைச் சொல்லவே முடியாது. தெரிந்துதான் ஒன்பது நாள் நான்கைக் கூட்டினேன்.

நாள் 228. காலை 07:05

அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்.

"உண்மையச் சொல்லிடலாம்டி. ஆள் வரட்டும்."

"நேத்து சாயங்காலம் நாப்பத்திரண்டு. இன்னைக்குக் காலையில எம்பத்திமூணா? ஒரே ராத்திரில அப்படி ஏறாதுக்கா. பொய் எழுதினது தெரிஞ்சிடும். ரெண்டு பேரையும் எடுத்துடுவாங்க. வேற வேற முகாம்ல போடுவாங்க."

"போடட்டுமே."

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்திச் சொல்லலாம். தவணைக்கு ஆறு, ஏழு. ரெண்டே நாள்ல உண்மைக்கு வந்துடலாம். குழுவும் வந்துடும், யாரும் கேக்கவும் மாட்டாங்க."

நாடாவைச் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு:

"படிச்சவ நீ. உனக்குத் தெரியாததா."

காலை அனுப்பியது: 12: 47.

நாள் 228. மாலை 18:10

மதியம் குழாயில் 85, அனுப்பியது 53. மாலை குழாயில் 88, அனுப்பியது 59.

இரண்டு எண்களையும் இங்கே அருகருகே எழுதுகிறேன். அலுவலகம் என் நோட்டைப் பார்க்காது. பார்க்க வேண்டியது நான்தான்.

நாள் 229. மதியம் 12:25

காலை 93, அனுப்பியது 66. மதியம் 97, அனுப்பியது 73.

நாங்கள் ஏற்ற ஏற்ற அதுவும் ஏறுகிறது. நேற்று முழுக்க ஐந்து சென்டிமீட்டர் ஏறியது, இரவில் மட்டும் ஐந்து. இப்போது ஆறு மணி நேரத்தில் நான்கு. எங்கள் பொய் எண்பதைத் தாண்ட இன்னும் இரண்டு தவணை வேண்டும்.

கரையின் உட்பக்கத்தில் ஓர் இடத்தில் தண்ணீர் கொதிப்பது போல மணலைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்றாள் லூர்தக்கா. சாணி கரைச்ச மாதிரி கலங்கி வருதாம். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. கரை அடியிலிருந்து அரிபடுகிறது என்று இருவருக்குமே தெரியும்.

நாள் 229. மதியம் 12:50

அலுவலகத்தை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது நாள் கைமாத்து, இரண்டு நாள் ஏற்றிச் சொன்னது, குழாயின் உண்மை அளவு. பதில்:

"பதினொன்று, பன்னிரண்டு. விசாரணை பின்னர். அடைப்புக் குழு முப்பதிலிருந்து புறப்படுகிறது. அங்கு சேர முப்பது மணி நேரம். பன்னிரண்டின் ஆள் நிலையத்தை விட்டு நகர வேண்டாம். மணி தோறும் அளவு தரவும்."

நகர வேண்டாம் என்ற பகுதியையும் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

"எங்க நகர்றது? குழாய் வரைக்கும் போனாலே மூச்சு வாங்குது, இதுல நகராதேன்னு உத்தரவு வேற."

நாள் 230. காலை 06:00

11: 41. 12: 112.

அவள் ஒவ்வொரு மணிக்கும் போய்ப் பார்த்துச் சொன்னாள். காய்ச்சல் திரும்பியிருந்தது. பல் தந்தியடிக்கும் சத்தம் ரேடியோவில் கேட்டது. ஓர் அளவைக்கூட விடவில்லை.

நாள் 230. காலை 09:20

"பனி, தெக்கால உடைஞ்சிட்டு. முந்நூறு அடி தள்ளி." நான்கு நிமிடம் கழித்து: "வடக்காலயும். இப்ப நான் தீவு. ஏதாச்சும் பேர் வையேன், மேப்புல போடட்டும்."

அலுவலகத்துக்குச் சொன்னேன். அடைப்புப் படகு எங்கே என்று கேட்டேன். இன்னும் ஒன்பது மணி நேரம்.

நிலையத்தில் இருந்த கயிறு அறுபது மீட்டர். அதையும் கை ரேடியோவையும் இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

நாள் 230. காலை 11:45

கரை முடிந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்பது கிலோமீட்டர். வழுக்கும் கரையில் எதிர்காற்றில் இரண்டே கால் மணி நேரம். ஒன்பது நாளில் ஒரே ஒரு நாள் நான் நடந்து வந்து அந்த நாடாவை இறக்கியிருக்கலாம். விதி இருந்தது என்று எழுத நினைத்தேன். பொய் எண் எழுதக் கூடாது என்றும் விதி இருந்தது. எனக்கு வசதியானதை மீறினேன்.

உடைப்பு நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். கடல் அதன் வழியாக உள்ளே பாய்கிறது, பழுப்பு நிறத்தில், கத்தினாலும் கேட்காத சத்தம், கை ரேடியோவில்தான் பேச முடிகிறது. எதிரே மிச்சமிருக்கும் கரைத்துண்டில் குடிசை. அதன் முன்னால் ஒரு பெண்.

குரலை வைத்து அவளை உயரமானவளாக, அகலத் தோள்களோடு நினைத்து வைத்திருந்தேன். சிறியவள். போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள், பள்ளிக்கூடப் பெண் போல.

"நீ இவ்ளோ ஒசரமாடி? ஒரு வார்த்த சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லக்கா."

"அந்தக் கயிற எதுக்குத் தூக்கிட்டு வந்த? துணி காயப்போடவா?"

நாள் 230. மதியம் 12:40

கயிற்றில் கல் கட்டி எறிந்தேன். இருபது மீட்டரில் விழுந்தது. எட்டு முறை எறிந்தேன். நிறுத்தச் சொன்னாள், பார்க்கவே கை வலிக்கிறதாம்.

அவள் நீந்துவாள். காய்ச்சல் இல்லாத உடம்பாக இருந்தால் இறங்கியிருப்பாள். இந்த இழுப்பில் முடியாது என்று அவளே கணித்துவிட்டாள். தண்ணீரைப் பற்றி அவளோடு வாதாட எனக்கு அறிவு இல்லை.

தன் தீவை அடி வைத்து அளக்கிறாள். முதலில் நாற்பது அடி. அரை மணியில் இருபத்தாறு. குடிசையின் பின்சுவர் போய்விட்டது. படகு வர ஆறு மணி நேரம். இதை வகுத்துப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். மனம் வகுத்துவிட்டது.

"அக்கா, நான்தான். உண்மையச் சொல்லலாம்னு நீ சொன்ன. நான்தான் வேண்டாம்னேன்."

"தெரியும்டி. நான் அங்கதானே இருந்தேன்."

"உன்ன எடுத்துடுவாங்கன்னு பயந்தேன்."

"எனக்காவா?"

கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தேன்.

"இல்ல. எனக்காக. வேற யாரோட குரலயும் கேக்க எனக்கு மனசு இல்ல."

"அப்பாடா. ஏழு மாசத்துல இன்னைக்குத்தான் வாயத் திறந்து ஒண்ணு சொல்லியிருக்க."

நாள் 230. மதியம் 13:35

பதினொரு அடி என்றாள். பிறகு அளக்கவில்லை.

ஏதாவது வாசி என்றாள். என்னிடம் இந்த நோட்டு மட்டும்தான் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். கஞ்சியா பசையா என்ற இடத்தில் சிரித்தாள். அவள் அப்பாவுக்கு நீந்தத் தெரியாத இடம் வந்தபோது, "எழுதிட்டியா பாவி" என்றாள், கோபம் இல்லாமல்.

நாள் 225 வரை வந்திருந்தேன். அப்போது:

"பனி, கண்ண மூடிக்கோ. நீ பாத்தா எழுதிடுவ."

மூடினேன். ரேடியோவில் காற்று. பிறகு காற்றும் இல்லை. எவ்வளவு நேரம் மூடியிருந்தேன் என்று தெரியாது. ஆகவே இந்த இடத்தில் எழுத எதுவும் இல்லை.

நாள் 231. காலை 06:00

11: 44.

அடைப்புப் படகு நேற்று மாலை ஆறரைக்கு வந்தது. மூன்று பேர், களிமண் மூட்டைகள். யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் உள்ள இரண்டாம் கரை தாங்கிவிட்டது. நடுவில் இருந்த வயல்களுக்கு உப்பு ஏறிவிட்டது. அலுவலகத்தின் அறிக்கையை ரேடியோவில் கேட்டேன். "ஆள் சேதம்: ஒன்று."

என்னை எடுக்கவில்லை. புயல் பருவத்தில் மாற்று ஆள் இல்லையாம், விசாரணை தை மாதத்துக்குப் பிறகாம். ஒரு முகாமுக்கு அனுப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பும் எனக்கு வசதியானது என்று பட்டது.

நாள் 234. காலை 06:20

11: 45.

அலுவலகம்: "பதின்மூன்றின் பெரிய ரேடியோ புயலில் பழுது. மாற்று வரும்வரை அதன் அளவுகளும் உங்கள் வழியாக வரும்."

பதின்மூன்றின் ஆள் வைரவன். ஆறு வருடமாக அங்கே இருக்கிறாராம். நாற்பத்தைந்து வயது இருக்கலாம், குரலை வைத்துச் சொல்கிறேன். குரலை வைத்து நான் சொல்வதற்கு என்ன மதிப்பு என்பது தெரிந்ததுதான்.

"பன்னண்டுல இருந்த புள்ள நல்லா பேசுமாமே. நான் பேசினது இல்ல. அறுபத்தி நாலு, எழுதிக்கம்மா."

எழுதினேன். 13: 64.

நாள் 240. மாலை 18:20

11: 49. 13: அளவு இல்லை. இரண்டாம் தவணை.

வைரவனுக்கு நெஞ்சில் சளி, மூச்சு முட்டுகிறது. மதியம் எழ முடியவில்லை, மாலையும் முடியவில்லை.

"தங்கச்சி, அறுபத்தாறுன்னு போட்டுடு. ரெண்டு நாள் கைமாத்து குடு. நான் எந்திரிச்சிடுவேன்."

"போட மாட்டேண்ணா."

"என்னது?"

"ஊர்ந்தாவது போய்ப் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா அளவு இல்லன்னுதான் போடுவேன்."

கொஞ்சம் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

நாள் 241. காலை 06:30

11: 52. 13: அளவு இல்லை. மூன்றாம் தவணை.

அவர் கெஞ்சினார். ஆறு வருடம், ஒரு தவணை தவறியதில்லை என்றார். முகாமில் ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததை நான் நிரப்பவில்லை. அவர் இருக்கும் இடத்துக்கு நடந்து போகவும் வழி இல்லை. நடுவில் கடல்.

அலுவலகத்திடம் மருந்து கேட்டேன். யாருக்கு என்றார்கள். பதின்மூன்றுக்கு என்றேன், பெயரையும் சொன்னேன். குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

நாள் 241. மதியம் 12:30

11: 52. 13: அளவு இல்லை. நான்காம் தவணை. அனுப்பிவிட்டேன்.

படகு நாளை காலை வரும் என்றார்கள். ஆளை எடுக்கும் படகு, கூடவே களிமண்ணும்.

வைரவன் திட்டினார். என்னை, என்னைப் பெற்றவளை, என்னைப் படிக்க வைத்தவர்களை. ஒருத்தியைக் கொன்றது போதாதா என்றார். எல்லாவற்றையும் கேட்டேன்.

நாள் 219, மதியம் பன்னிரண்டரையிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். அன்று ‘அளவு இல்லை’ என்று போட்டிருந்தால் அடுத்த நாள் மதியம் நான்காம் தவணை. மறுநாள் படகு. லூர்தக்கா இப்போது எங்கோ ஒரு முகாமில், நான் ஒருபோதும் கேட்க முடியாத தூரத்தில், என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். இவரைவிட நன்றாகத் திட்டுவாள்.

நாள் 241. மாலை 18:00

11: 55. 13: அளவு இல்லை.

திட்டு நின்றுவிட்டது. இருமல் மட்டும் கேட்கிறது. பாட்டரி குறைகிறது, ரேடியோவை அணைத்து வைக்க வேண்டிய நேரம். அணைக்கவில்லை. இருமுகிற வரைக்கும் அவர் இருக்கிறார்.

18:20. இருமுகிறார்.

18:45. இருமுகிறார்.

19:10. ரேடியோவில் காற்று மட்டும்.